சோப்பு காரணமில்லை

ஆகஸ்ட் 11, காலை 6.40. எழுந்து இருபது நிமிடம் ஆகிறது. தும்மல் இதுவரை பதினேழு.

உனக்கு,

நலம் விசாரிக்கிற பகுதியை விட்டுவிடுகிறேன். நேற்று மூக்கு டாக்டரிடம் போனேன். முன்கையில் பேனாவால் கோடு போட்டு, வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசியால் குத்தினார். தூசிப்பூச்சி, மகரந்தம், பூனை முடி, பூஞ்சை என்று ஏகப்பட்ட சொட்டு. எதுவும் தடிக்கவில்லை. சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த சொட்டு மட்டும் கொசுக்கடி மாதிரி தடித்தது. அதாவது சோதனை ஒழுங்காக வேலை செய்கிறது, நான்தான் ஒழுங்காக இல்லை.

நீ விட்டுப்போன வாசனை எண்ணெய்ப் புட்டிகளில் இரண்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இதையும் குத்திப் பாருங்கள் என்றேன். டாக்டர் சிரித்தார்.

"வாசனைக்கெல்லாம் இப்படிக் குத்திப் பாக்கிறதில்ல தம்பி. வாசனை பட்டா சில பேருக்கு மூக்கு எரிச்சல்படும். அது அலர்ஜி கணக்குல வராது."

"அப்ப எனக்கு என்னதான் வியாதி?"

"அலர்ஜி இல்லாத மூக்கழற்சி."

இல்லாததை வைத்து ஒரு வியாதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் குளிர்பதனக் கிடங்கில் நான் 'கம்ப்ரஸர் இல்லாத பழுது' என்று அறிக்கை எழுதினால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

இன்னொரு தகவல். நீ போய் எட்டு வாரம் ஆகிறது. வீட்டில் நீ காய்ச்சுகிற சோப்பும் இல்லை, திறந்த எண்ணெய்ப் புட்டியும் இல்லை, அச்சுத் தட்டும் இல்லை. மூக்கு அப்படியேதான் ஒழுகுகிறது. லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்கள் எனக்குக் 'குழாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முடிவு: சோப்பு காரணமில்லை. ஆகவே நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போனதற்கான காரணமும் ரத்தாகிறது. சனிக்கிழமை காலையில் பஸ் இருக்கிறது. ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்பதையும் எழுது.

*

ஆகஸ்ட் 19

குழாயாருக்கு,

கடிதம் வந்தது. ரிப்போர்ட்டும் வந்தது. அண்ணி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டாள். எல்லாப் பாடத்திலும் பூஜ்யம் என்றேன்.

போன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்கடைப்போடு நீங்கள் பேசினால் அழுகிற குரல் மாதிரி இருக்கிறது. நீங்கள் அழவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனசு இளகிவிடுகிறது. ஒருமுறை "கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும், நம்பர் எங்க இருக்கு" என்று கேட்டீர்கள். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் அழுதேன். கேஸ் சிலிண்டருக்கு. அதனால் எழுதுங்கள். எழுத்துக்கு மூக்கு கிடையாது.

அடுத்தது. சோப்பு காரணமில்லை என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு டாக்டரும் ஊசியும் தேவைப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் நான் சோப்பினால் போகவில்லை. மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. விடுதி மேலாளர். மூன்று வருடமாக அவருடைய அறைகளுக்கெல்லாம் என் சோப்புதான். நீங்கள் எடுத்தீர்கள். ஈரத் தலையோடு நான் கதவைத் திறக்கும்போது உங்கள் குரல் கேட்டது: "இனிமே சோப்பு வராதுங்க. அவ நிறுத்திட்டா."

நான் நிறுத்திவிட்டேன் என்ற செய்தி எனக்கே அப்போதுதான் தெரியும்.

அதற்கு முந்தைய மாதம் செய்ததையும் சொல்கிறேன். மகரந்தம் வருகிறது, தூசி வருகிறது என்று என் வேலையறை ஜன்னலைச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் வீடு பூராவும் எண்ணெய் வாசனை தேங்க ஆரம்பித்தது. ஊரில் இருக்கிற கிடங்குக்கெல்லாம் காற்று எப்படி வரணும், எப்படிப் போகணும் என்று அளந்து சொல்கிற மனுஷன், சொந்த வீட்டில் காற்றை ஜாடிக்குள் போட்டு மூடினார். நானும் சொன்னேன். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றீர்கள்.

கடைசியாக ஒன்று. இங்கே வந்து சில வாரமாக எனக்கும் மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் சோப்பு இல்லை, நீங்களும் இல்லை. இதற்கு யாரை வீட்டை விட்டு அனுப்பலாம்? யோசித்துச் சொல்லுங்கள்.

*

ஆகஸ்ட் 26, மதிய இடைவேளை, கட்டுப்பாட்டு அறை.

உனக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். மரியாதையின் அளவை வைத்துக் கோபத்தின் அளவு புரிந்தது.

விடுதிக்காரரிடம் நான் சொன்னது தப்பு. அதற்குக் காரணம் கண்டுபிடித்து எழுதப் போவதில்லை. நானே நேரில் போய்ப் பேசட்டுமா?

டேப்பை நேற்றுப் பிரித்தேன். பிசின் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டி எடுத்தேன். டேப் விஷயத்தில் உன் வாதம் தொழில்நுட்ப ரீதியாகச் சரி. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

டாக்டரிடம் மறுபடி போனேன். முதல் தடவை அவர் சொன்னதை நான் பாதிதான் கேட்டிருக்கிறேன். இந்த வியாதி ஒன்றல்ல. ஒரே மாதிரி ஒழுகுகிற பல குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் வால்வு வேறு. சிலருக்கு மூக்கு நரம்புகள் காரணமில்லாமல் பதறும். சூட்டிலிருந்து குளிருக்குப் போனால், புகை பட்டால், காட்டமான வாசனை வந்தால் உடனே ரத்தக்குழாய் வீங்கி மூக்கு அடைக்கும். சிலருக்குக் காரமாக, சூடாகச் சாப்பிட்டால் மட்டும் ஒழுகும். சிலருக்கு வேலையிடத்து மாவு, மரத்தூள், ரசாயன ஆவி. ரத்த அழுத்த மாத்திரையாலும் சில வலி மாத்திரைகளாலும் வரலாம். ஹார்மோன் கோளாறால் வரலாம். வயதானவர்களுக்கு உள்தோல் மெலிந்து காய்ந்துபோவதாலும் வருமாம்.

எனக்கு இரண்டு சேர்ந்திருக்கிறது. ஒன்று வேலை. உள்ளே பூஜ்யத்துக்கு இருபத்திரண்டு டிகிரி கீழே, வெளியே லாரி நிற்கிற வெயில். நாள் முழுக்க உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறேன். இரண்டாவதுதான் எரிச்சலான விஷயம். ஒவ்வொரு முறை உள்ளே போகிறதுக்கு முன்னாடியும் மூக்கில் ஸ்பிரே அடிப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அதைச் சில நாளுக்கு மேல் அடிக்கக் கூடாதாம். அடித்தால் மருந்து இறங்க இறங்க மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி அடிப்போம். மறுபடி வீங்கும்.

"எத்தனை நாளா அடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பத்து மாசமா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, அந்தப் புட்டியோட அட்டையில இருக்கிறத ஒரு தடவையாவது படிச்சீங்களா?"

படிக்கவில்லை. புது இயந்திரம் வந்தால் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன் நான்.

நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. வேறொரு மருந்து கொடுத்திருக்கிறார், மெதுவாகத்தான் வேலை செய்யுமாம். உப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னார். மூக்குத் துளை இரண்டிலும் சிமெண்ட் வைத்துப் பூசியது மாதிரி இருக்கிறது. வாயால்தான் மூச்சு விடுகிறேன். காலையில் நாக்கு அட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

இனி உன் மூக்கு. கேலிக்கு எழுதினாய் என்று தெரியும், ஆனாலும் பழுது பழுதுதான். பதில் எழுது: தும்மல் உண்டா? கண், மூக்கு அரிக்கிறதா? ஒழுகுகிறதா, அடைக்கிறதா? எப்போது அதிகம்? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? என்னை மாதிரி ஸ்பிரே எதையாவது அடித்தாயா? அண்ணன் வீட்டில் புகை, பெயிண்ட், புது மரச்சாமான் ஏதாவது?

*

செப்டம்பர் 4

கேள்வித்தாள் தயாரித்தவருக்கு,

விடுதிக்காரரிடம் நீ போய்ப் பேச வேண்டாம். நான் ஜூலையிலேயே பேசிவிட்டேன். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பேசினப்ப ரொம்ப அழுதுட்டே பேசினாரும்மா. வீட்ல ஏதோ துக்கம்னு நெனச்சு நான் மேற்கொண்டு கேக்கல" என்றார். உன் மூக்கு எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. வேறு ஆளைத் தேடாமல் காத்திருந்திருக்கிறார். இந்த ஊர்ப் பக்கம் அவருக்கு இன்னொரு விடுதி இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துக் கேட்கிறார்.

அதனால் இங்கேயே ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துவிட்டேன். வரிசையாக மூன்று அறை. முன்னால் இரண்டும் வேலைக்கு, பின்னால் ஒன்று எனக்கு. இரண்டு வாரத்தில் குடிபோகிறேன். நாம் இருந்த அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதாக இல்லை. சனிக்கிழமை பஸ்ஸில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்ளட்டும்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எப்போது என்ன சொல்லியிருக்கிறான்? அண்ணிதான் இறங்கி வேலை செய்கிறாள். காஸ்டிக் சோடா கரைக்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்திலேயே போகக் கூடாது என்று என் டாக்டர் சொல்லிவிட்டார். நான் எண்ணெய் அளந்து கொடுத்து, அச்சில் ஊற்றி, வெட்டுகிறேன். அண்ணி கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நின்றால் வெல்டிங் பட்டறை மாதிரி இருக்கிறது. "ஏண்டி, இவ்வளவு வேஷம் போட்டா கடைசியில கைகழுவுற கட்டி வருது?" என்று தினம் ஒருதரம் கேட்கிறாள்.

உன் கேள்விகளுக்குப் பதில். தும்மல் இல்லை. அரிப்பு இல்லை. ஒழுகுவது குறைவு, அடைப்புதான். படுத்தால் அதிகமாகிறது, இரண்டு தலையணை வைத்தால் கொஞ்சம் தேவலை. ஸ்பிரே அடிக்கவில்லை, கடையில் வாங்கி எதையும் அடிக்க வேண்டாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மாத்திரை: இரும்புச் சத்தும் இன்னொரு சத்து மாத்திரையும். புகை இல்லை, பெயிண்ட் இல்லை. சளி, காய்ச்சல் இல்லை. காரம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே மாதிரிதான். இங்கே சோப்பு வேலை தொடங்குவதற்கு முன்னாடியே அடைப்பு வந்துவிட்டது, அதையும் குறித்துக்கொள்.

ஸ்பிரே இல்லாமல் எப்படி இருக்கிறாய்?

*

செப்டம்பர் 10, மாலை 4.15, கட்டுப்பாட்டு அறை.

உனக்கு,

என் மூக்கு பரவாயில்லை. வலது பக்கம் முழுக்கத் திறந்துவிட்டது. இடது பக்கம் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. கிடங்குக்குள் போகும்போது மூக்கின் மேல் துணி கட்டிக்கொள்கிறேன். உள்ளே போகிற காற்று கொஞ்சம் சூடாகப் போனால் நரம்பு பதறுவதில்லை. பெட்டி ஏற்றுகிறவர்கள் இப்போது 'கொள்ளைக்காரன்' என்கிறார்கள். பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

உன் பழுதைப் பார்த்தேன். எங்கள் முறை, ஒவ்வொரு இணைப்பாகத் துண்டித்துக்கொண்டே போவது. கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான்.

அரிப்பும் தும்மலும் இல்லை, அலர்ஜி அநேகமாக இல்லை. காய்ச்சல் இல்லை, இத்தனை வாரம் ஒரு ஜலதோஷம் நீடிக்காது. ஸ்பிரே அடிக்கவில்லை, என் முட்டாள்தனம் உனக்கு இல்லை. ரத்த அழுத்த மாத்திரை இல்லை. காரம் இல்லை. வேலையிடம் இல்லை, வேலைக்கு முன்னாடியே வந்துவிட்டது. உள்தோல் மெலிகிற வயதும் இல்லை. குளிர், சூடு, வாசனைக்குப் பதறுகிற மூக்காக இருந்தால் உனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும், வருடக்கணக்காக எண்ணெய்ப் புட்டிகளுக்கு நடுவில்தான் நிற்கிறாய்.

மிஞ்சுவது ஹார்மோன். அதில் தைராய்டு ஒன்று. இருந்தால் அதற்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள், இரும்புச் சத்து கொடுத்திருக்க மாட்டார்கள். காஸ்டிக் பக்கம் போகாதே என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மீதி ஒன்றுதான்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கம்ப்ரஸர் அறைக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லா அளவும் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். எண்ணெய் ஊற்ற வந்த பையன், "ஏன் சார், ஏதாச்சும் லீக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

திரும்பி வந்து நாலு வரி எழுதினேன். அதை அடித்துவிட்டேன். மையோடு கிடக்கிற அந்த இடத்தைப் பொருட்படுத்தாதே.

நான் நினைப்பது சரியா? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

*

செப்டம்பர் 18

ஆமாம்.

ஐந்தாம் மாதம். இங்கே வந்த மறுவாரம் தெரிந்தது. கர்ப்பத்தில் மூக்கடைப்பு சிலருக்கு வரும், பிரசவத்துக்குப் பிறகு தானாகப் போய்விடும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். உன் கேள்விகளுக்குப் பதில் எழுதும்போதே நீ எங்கே வந்து நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அப்படியும் எழுதினேன். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, நீயே வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே வந்திருப்பாய். என் பையை நீயே கட்டியிருப்பாய். "இந்த நிலைமையில சோப்பு எதுக்கு?" என்றிருப்பாய். எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். அண்ணன்கூட வாய் திறந்து ஆமாம் என்றிருப்பான். ஒரு ஆள், ஒரு வார்த்தை பாக்கி இல்லாமல் எல்லாம் நியாயமாக முடிந்திருக்கும். விடுதிக்காரரிடம் நீ சொன்னது கடைசியில் உண்மையாகியிருக்கும்.

நீ அடித்த இடத்தைப் பொருட்படுத்தாதே என்று எழுதினால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? காகிதத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். 'இனி அந்த வேலையெல்லாம்' என்று ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் தெரியவில்லை. நல்லவேளை. அடித்தாய் என்பது எனக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் காகிதத்தில் அடிப்பது சுலபம். வாயிலிருந்து வந்தால் எதை வைத்து அடிப்பாய்?

புது வீட்டுக்கு வந்துவிட்டேன். காலை ஏழு மணியிலிருந்து அந்தி வரை எலுமிச்சைப்புல்லும் லவங்கமுமாக மணக்கிறது. பின்னறைக்கும் அது வருகிறது. ஜன்னலைத் திறந்தால் தெருவுக்கும் போகிறது. எதிர்வீட்டுக்காரி, "நாங்க துணிக்கு வாசனை போடுறதையே நிறுத்திட்டோம்" என்கிறாள்.

உன் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். சோப்பு அலர்ஜி இல்லை என்றார். வாசனை பட்டால் மூக்கு எரிச்சல்படும் என்றும் சொன்னார். நீ முதலாவதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதினாய். இரண்டாவதும் உண்மைதானே? ஸ்பிரேயை நிறுத்தலாம், துணி கட்டலாம். பதறுகிற மூக்கு என்றைக்காவது பதறத்தான் செய்யும். வேலை முடியாத ஒரு மத்தியானம், கைக்குழந்தை அழுகிற நேரம், உனக்கு மூக்கு அடைத்துத் தலை வலிக்கிறது. அன்றைக்கு யார் வெளியே போவது?

இதற்குப் பதில் எழுது. வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம். குழந்தையைக் காரணம் காட்டி எழுதாதே. சோப்பையும் உன்னையும் மட்டும் வைத்து எழுது.

*

செப்டம்பர் 25, காலை 6.40. தும்மல் இரண்டு.

உனக்கு,

உன் கேள்விக்கு ஏழு நாளாகப் பதில் தேடினேன். விசிறி, வடிகட்டி, தடுப்புச் சுவர் என்று படம் வரைந்தேன். நல்ல படங்கள்தான். எல்லாம் போட்டாலும் உள்ளே கொஞ்சம் வாசனை இருக்கத்தான் செய்யும். பூஜ்யம் என்பது காகிதத்தில் மட்டும்தான். ஆகவே நீ கேட்டது காற்றைப் பற்றிய கேள்வி இல்லை என்று புரிந்தது. எனக்கு இந்த மாதிரிக் கேள்வியில் பழக்கம் இல்லை. எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். குழந்தையைச் சேர்க்கவில்லை, நீ சொன்னபடியே.

1. நீ வா என்று எழுதினால் வருவேன். எழுதும் வரை பஸ் நேரம்கூடப் பார்க்க மாட்டேன்.

2. வந்தால் துணிமணிப் பெட்டி கொண்டுவர மாட்டேன், கருவிப் பை மட்டும். முன்னறைகளில் காற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று அளந்து உன்னிடம் சொல்வேன். சுவரில் எங்கே ஓட்டை போடலாம் என்பதை நீ சொல்ல வேண்டும். போடவே வேண்டாம் என்றால் கருவிகளைத் திரும்பப் பையில் வைப்பேன்.

3. உன் போன் அடித்தால் எனக்குக் காது கேட்காது.

4. நீ இருக்கிற ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் ஆகலாம். கிடைக்காவிட்டால் வேறு வேலை தேடுவேன், குளிர்ப்பெட்டி ரிப்பேரானாலும் சரி.

5. உன் அண்ணிக்கு நல்ல கையுறை ஒரு ஜோடி வாங்கி அனுப்புகிறேன். சாதாரணக் கையுறை காஸ்டிக்குக்குத் தாங்காது. இது அறிவுரை இல்லை, தகவல்.

6. எனக்கு மூக்கு அடைத்துத் தலை வலிக்கிற அன்றைக்கு நான் வெளியே போய் நிற்பேன். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். சோப்பு உள்ளே இருக்கும்.